உச்சியில் தொடங்கும் குல்லாய்

மார்கழி மாதத்து விடியற்காலை. பால்காரர் சைக்கிளில் வருகிறார். தலையில் கம்பளிக் குல்லாய். காதை மூட இழுத்தால் கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. கண்ணுக்கு மேலே தூக்கினால் காது வெளியே வந்துவிடுகிறது. இது ஏன்? அந்தக் குல்லாய் அவர் தலையை அளந்து பின்னியது அல்ல. எந்தத் தலைக்கோ, எங்கோ பின்னியது.

தமிழ்நாட்டுக் குளிருக்கு இது பெரிய துன்பம் இல்லை. வெயில் ஏறினால் குல்லாய் பைக்குள் போய்விடும். பனி கொட்டும் ஊரில் அப்படி இல்லை. அங்கே காது வெளியே தெரிந்தால் காது மரத்துப்போகும். குல்லாய் இறுக்கினால் பிள்ளைகள் கழற்றி எறிந்துவிடுவார்கள். பாட்டி பின்னிய குல்லாய் எவ்வளவு அழகாக இருந்து என்ன? தலையில் நிற்காத குல்லாய் குளிரைத் தடுக்காது.

ஒரு தலைக்கு ஏற்றபடி குல்லாய் பின்ன வழி உண்டு. அதற்கு அச்சிட்ட மாதிரிப் படம் வேண்டாம். ஒரு நூல், ஒரு அளவுகோல், கொஞ்சம் பெருக்கல் கணக்கு. இவை போதும். அந்த வழியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மலை ஊருக்குப் போய்வருவோம்.

பனி ஊர்

இமாசலப் பிரதேச மாநிலத்தில் லாஹௌல் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பெரிய ஊர் கேலாங். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேலாங் 3,000 மீட்டருக்கும் மேலே.

மணாலியிலிருந்து லாஹௌலுக்குப் போக வேண்டுமானால் முன்பு ரோதாங் கணவாயைத் தாண்ட வேண்டும். அதன் உயரம் 3,978 மீட்டர். குளிர்காலத்தில் பனி விழுந்து கணவாய் மூடிவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் சாலை இருக்காது. தானியம், விறகு, மருந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள். 2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அது மலையைக் குடைந்து போட்ட 9 கிலோமீட்டர் பாதை. இப்போது குளிர்காலத்திலும் வண்டி போகிறது. வழி திறந்துவிட்டது. குளிர் மட்டும் குறையவில்லை.

கோடையில் லாஹௌல் பெண்களுக்கு வயலில் வேலை. உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளையும். குளிர்காலத்தில் வயல் பனிக்கு அடியில் போய்விடும். அப்போது கைகள் ஊசியையும் கம்பளி நூலையும் எடுக்கும்.

கம்பளியில் நூல் நூற்பதும் துணி நெய்வதும் மலை மக்களுக்குப் பழைய தொழில். ஊசியில் பின்னுவது அவ்வளவு பழையது அல்ல. 1850களில் ஜெர்மனியிலிருந்து மொரேவிய சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ ஊழியர்கள் கேலாங்குக்கு வந்து தங்கினார்கள். அவர்களில் மரியா ஹைடே என்ற பெண்மணி அந்த ஊர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். கற்றவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூ வேலை, நிற வேலை எல்லாம் அவர்களே சேர்த்தார்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பது தெரியும் அல்லவா? லாஹௌல் பின்னல் காலுறைக்கும் கையுறைக்கும் 2021இல் அந்தக் குறியீடு கிடைத்தது.

குலு குல்லாய் என்று இமாசலத்தில் பெயர்பெற்ற ஒன்று உண்டு. வட்டமாக, முன்னால் பல நிறப் பட்டையோடு இருக்கும். அது நெய்த கம்பளித் துணியை வெட்டித் தைப்பது. இங்கே சொல்வது ஊசியில் பின்னும் குல்லாய். இரண்டும் வேறு.

80 கண்ணி ஏன் பொய்த்தது?

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு 8 வயது. பள்ளிக்கு நடந்து போகிறான். புதுக் கம்பளி நூல் வாங்கக் கையில் பணம் இல்லை. கணவரின் கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்து நூல் எடுத்தார். குல்லாய்க்கு அந்த நூல்தான். அது தீர்ந்தால் வேறு இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார். “எத்தனை கண்ணி போடட்டும் அக்கா?”

“80 போடு. என் பையனுக்கும் இதே தலைதான். அவனுக்கு 80தான் போட்டேன்.”

ஊசியில் வரிசையாக ஏறி நிற்கும் வளையங்கள்தான் கண்ணிகள். இந்தியில் ‘ஃபந்தா’ என்பார்கள். ஊசிக்கு ‘சலாய்’ என்று பெயர். பின்னலில் இரண்டு வகைதான் அடிப்படை. நேர்ப் பின்னல் ஒன்று. எதிர்ப் பின்னல் மற்றொன்று. ‘சீதா’, ‘உல்டா’ என்று அங்கே சொல்வார்கள். எல்லாப் பூ வேலையும் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

தாய் 80 கண்ணி போட்டார். நெற்றியில் வரும் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே பின்னினார். அதுதான் எல்லோரும் செய்யும் வழக்கம். நான்கு இரவு விழித்து வேலை செய்தார். கடைசியில் உச்சியைச் சுருக்கி முடிச்சுப் போட்டார். மகன் தலையில் வைத்தார். குல்லாய் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. இழுத்து இறக்கினார். நெற்றியில் சிவப்புக் கோடு விழுந்தது.

“வலிக்குதும்மா” என்று பையன் கழற்றிவிட்டான்.

அக்கா பொய் சொன்னாரா? இல்லை. அவருடைய நூல் தடிமனானது. கையும் தளர்வான கை. அவர் பின்னினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 17 கண்ணி வரும். 80 கண்ணிக்கு 47 சென்டிமீட்டர் கிடைக்கும். இந்தத் தாயின் நூல் மெலிந்தது. கை இறுக்கமான கை. இவருக்கு 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி. 80 கண்ணிக்குக் கிடைத்தது 40 சென்டிமீட்டர்தான். கண்ணி எண்ணிக்கை ஒன்றுதான். குல்லாயின் சுற்றளவு 7 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது.

ஆகவே இன்னொருவரின் கண்ணிக் கணக்கைக் கடன் வாங்கக்கூடாது. கணக்கை அவரவர் கையிலிருந்தும், அணியப்போகும் தலையிலிருந்தும்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு தவறும் நடந்தது. விளிம்பில் தொடங்கினால் முதலிலேயே சுற்றளவு முடிவாகிவிடும். சரியா, தவறா என்று கடைசியில்தான் தெரியும். தெரிந்த பிறகு முழுவதையும் பிரிக்க வேண்டும். உச்சியில் தொடங்கினால் அப்படி இல்லை. குல்லாய் சிறு வட்டமாகத் தொடங்கி வளர்ந்துகொண்டே வரும். நடுநடுவே தலையில் வைத்துப் பார்க்கலாம். தவறு இருந்தால் அந்த இடம்வரை மட்டும் பிரித்தால் போதும்.

அளவு எடுப்பது

முதல் அளவு தலையின் சுற்றளவு. புருவத்துக்குச் சற்று மேலே நாடாவை வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். நாடா இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலைப் பிள்ளையின் பள்ளி அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். பையனின் தலை 52 சென்டிமீட்டர்.

இரண்டாவது அளவு ஆழம். உச்சந்தலையின் நடுவில் நூலை வைத்து, பக்கவாட்டில் காதின் அடிவரை இறக்க வேண்டும். பையனுக்கு 20 சென்டிமீட்டர்.

மூன்றாவது அளவுதான் பலர் விட்டுவிடுவது. அது கையின் அளவு. அதே நூலில், அதே ஊசியில் 30 கண்ணி போட்டு ஒரு சிறு துண்டு பின்ன வேண்டும். ஒரு சாண் உயரம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வந்தால் போதும். துண்டை இழுக்காமல் தரையில் வைத்து, அதன் நடுப்பகுதியில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். ஓரத்தில் எண்ணக்கூடாது. ஓரம் சுருண்டு ஏமாற்றும். இந்தத் துண்டுக்காக ஒரு மணி நேரம் போகும். நான்கு இரவு வீணாவதைவிட இது மேல். எண்ணி முடித்ததும் துண்டைப் பிரித்து நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஊசி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கடைகளில் பழைய எண் முறை இன்னும் உண்டு. அதில் எண் கூடினால் ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர் தடிமன். 10ஆம் எண் ஊசி 3.25 மில்லிமீட்டர்தான். நடுத்தரக் கம்பளி நூலுக்கு 8ஆம் எண் பொருந்தும். குல்லாய்க்கு இரண்டு முனையும் கூரான ஊசி வேண்டும். நான்கு ஊசி சேர்ந்த கட்டாகக் கிடைக்கும். மூன்று ஊசியில் கண்ணிகள் இருக்கும். நான்காவது ஊசியால் பின்ன வேண்டும்.

கணக்கு

தலை 52 சென்டிமீட்டர். குல்லாயும் 52 இருக்கலாமா? கூடாது. கம்பளிப் பின்னல் இழுபடும். தலை அளவுக்கே பின்னினால் குல்லாய் தொளதொளவென்று ஆகிவிடும். நான்கைந்து சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். பையனுக்கு 4 குறைப்போம்.

52 – 4 = 48 சென்டிமீட்டர்.

கையின் அளவு 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி. அதாவது 1 சென்டிமீட்டருக்கு 2 கண்ணி.

48 × 2 = 96 கண்ணி.

குல்லாயின் உச்சியை 8 பங்காகப் பிரித்துப் பின்னப்போகிறோம். பூசணிக்காயின் வரிப்பள்ளங்களைப் போல. அதனால் மொத்தக் கண்ணி 8ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 96 ÷ 8 = 12. வகுபடுகிறது. எல்லாத் தலைக்கும் இப்படி நேராக வராது. 100 கண்ணி என்று வந்தால் 96 அல்லது 104 வைத்துக்கொள்ளலாம். இறுக்கம் பிடித்தவருக்கு 96. தடித்த கூந்தல் உள்ளவருக்கு 104.

கணக்கு இவ்வளவுதான். இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மனதில் வைத்தால் அடுப்பில் பால் பொங்கும்போது மறந்துபோகும்.

உச்சி

ஊசி பிடிக்கவே தெரியாதவர், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நேர்ப் பின்னலும் எதிர்ப் பின்னலும் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். இதைத் தாளில் படித்துக் கற்பது கடினம். கையைப் பார்த்துத்தான் கை கற்கும். பழகியவர் இங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு ஊசியில் 8 கண்ணி போட வேண்டும். நூலின் முனையை ஒரு சாண் நீளம் தொங்க விட வேண்டும். அடுத்து ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்க வேண்டும். எப்படி? ஒரு கண்ணியின் முன்பக்கத்தில் ஊசியை விட்டு ஒரு முறை பின்ன வேண்டும். அதைக் கழற்றாமல், அதே கண்ணியின் பின்பக்கத்தில் ஊசியை விட்டு இன்னொரு முறை பின்ன வேண்டும். பிறகு கழற்ற வேண்டும். ஒன்று இரண்டாகிவிடும். 8 கண்ணியும் 16 ஆகும்.

இப்போது 16 கண்ணியையும் மூன்று ஊசிகளுக்குப் பிரிக்க வேண்டும். 6, 6, 4. ஊசிகளை முக்கோணமாக வைத்து, கடைசிக் கண்ணிக்குப் பிறகு முதல் கண்ணியைப் பின்னினால் வட்டம் சேர்ந்துவிடும். கண்ணிகளின் அடிப்பக்கம் எல்லாம் முக்கோணத்தின் உள்ளே பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டாலும் குல்லாய் கோணிவிடும். சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும்.

இந்த முதல் இரண்டு மூன்று சுற்று எரிச்சல் தரும். ஊசிகள் முள்ளம்பன்றியைப் போல நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணி நழுவும். கை பழகியவர்களுக்கும் இப்படித்தான். 30 கண்ணி தாண்டியதும் சரியாகிவிடும்.

இனிச் சுற்றுகள் இப்படிப் போகும். ஒரு சுற்று கூட்டாமல் நேராகப் பின்ன வேண்டும். அடுத்த சுற்றில் 8 கண்ணி கூட்ட வேண்டும். மறுபடி ஒரு சுற்று நேராக. மறுபடி 8 கூட்டல்.

முதல் கூட்டல் சுற்றில் 1 கண்ணியை நேராகப் பின்னி, அடுத்ததை இரண்டாக்க வேண்டும். சுற்று முழுவதும் இப்படியே. 16 கண்ணி 24 ஆகும். அடுத்த கூட்டலில் 2 கண்ணி நேராக, அடுத்தது இரண்டாக. 24 கண்ணி 32 ஆகும். பிறகு 3 நேராக, ஒன்று இரண்டாக. 40 ஆகும். எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தவருக்குச் சந்தேகமே வராது. 48, 56, 64, 72, 80, 88, 96. ஒவ்வொரு கூட்டல் சுற்றின் முடிவிலும் கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 8இன் வாய்ப்பாட்டில் இல்லாத எண் வந்தால், அந்தச் சுற்றில் தவறு இருக்கிறது. உடனே பிரித்துச் சரிசெய்துவிடலாம்.

நடுவில் பின்னலைத் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். தட்டைப் போலப் படிந்தால் நல்லது. ஓரம் அப்பளம் போல நெளிந்தால் கூட்டல் அதிகமாகிவிட்டது. கூட்டலுக்கு நடுவே ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று நேராகப் பின்ன வேண்டும். கிண்ணம் போலக் கொஞ்சம் குழிந்தால் கவலை வேண்டாம். தலையும் குழிந்த கிண்ணம் கவிழ்த்தது போலத்தானே இருக்கிறது?

96 கண்ணி வந்ததும் தட்டின் குறுக்களவை அளந்து பார்க்கலாம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லருக்குத் தெரியும். சக்கரத்தின் குறுக்களவைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம் பட்டை வேண்டும். குல்லாய்க்கும் அதே கணக்கு. சுற்றளவு 48. அதை மூன்றால் வகுத்தால் 16. மூன்றுக்குச் சற்று அதிகம் என்பதால் 15 என்று வைத்துக்கொள்ளலாம். தட்டு 15 அல்லது 16 சென்டிமீட்டர் இருந்தால் கணக்கு சரி. 12தான் இருக்கிறது என்றால் கை இறுகிவிட்டது. இன்னும் ஒரு முறையோ இரண்டு முறையோ 8 கூட்டலாம். தாளில் எழுதிய 96 என்ற எண்ணைவிடக் கையில் இருக்கும் தட்டுக்குத்தான் இப்போது மதிப்பு அதிகம்.

தலையில் வைத்துப் பார்ப்பது

இனிக் கூட்டல் இல்லை. 96 கண்ணியையும் சுற்றிச் சுற்றி நேராகப் பின்ன வேண்டியதுதான். தட்டின் ஓரம் கீழே மடங்கிப் பானை மூடியைப் போல இறங்கும். 3 சென்டிமீட்டர் இறங்கியதும் நிறுத்தி, தலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஊசியோடு குழந்தையின் தலையில் வைக்கக்கூடாது. கண்ணில் குத்திவிடும். மழுங்கிய தையல் ஊசியில் நீளமான பருத்தி நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் விட்டு, பின்னல் ஊசிகளை உருவிவிட வேண்டும். நூலின் முனைகளைத் தளர்வாகக் கட்டிவிட்டால் கண்ணி ஒன்றுகூட ஓடாது. பார்த்து முடித்தபின் கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றலாம். கொஞ்சம் வேலைதான். ஆனால் இந்தக் குல்லாயின் முழுப் பயனும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விளிம்பில் தொடங்கியவருக்கு இந்த வசதி கிடைக்காது.

பையன் தலையில் வைத்ததும் என்ன பார்க்க வேண்டும்? உச்சியில் கூம்பு போலத் துருத்தி நிற்கிறதா? பக்கத்தில் விரல் நுழைகிறதா? ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். உள்ளங்கை நுழைந்தால் தொளதொளப்பு. தலையை ஆட்டச் சொல்லிப் பார்க்கலாம். கூச்சப்படாமல் ஆட்டுவான்.

ஆழம் 20 சென்டிமீட்டர் வேண்டும். தட்டின் நடுவிலிருந்து ஓரம்வரை சுமார் 8 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இன்னும் 12 இருக்கிறது. அதில் 7 சென்டிமீட்டர் நேராகப் பின்ன வேண்டும். கடைசி 5 சென்டிமீட்டர் பார்டர்.

பார்டர் இல்லாத பின்னல் விளிம்பில் சுருண்டுகொள்ளும். 2 நேர், 2 எதிர் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வரிவரியாக வரும். அது ரப்பர் போல இழுபடும், திரும்பச் சுருங்கும். காதைப் பிடித்து நிற்பது இந்தப் பார்டர்தான். இதற்கு மட்டும் 10ஆம் எண் ஊசியை எடுத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

கடைசியில் கண்ணிகளை மூட வேண்டும். இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். அடுத்த கண்ணி பின்ன வேண்டும். மறுபடி தூக்கிக் கழற்ற வேண்டும். நல்ல குல்லாய்கள் பல இந்த இடத்தில்தான் கெடுகின்றன. முடியப்போகிறது என்ற அவசரத்தில் கை இறுகும். விளிம்பு கயிறு போல நெற்றியை அறுக்கும். மூடுவதற்கு மட்டும் தடித்த ஊசியை, 8ஆம் எண்ணையோ அதைவிடத் தடித்ததையோ எடுத்தால் இறுகாது.

உச்சியில் தொங்கவிட்ட முனையைத் தையல் ஊசியில் கோத்து, முதல் 8 கண்ணிகளுக்குள் சுற்றி இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். முனையை உட்பக்கம் தைத்து மறைக்கலாம்.

நூல் போதுமா?

அந்தத் தாயின் பெரிய கவலை இதுதான். விளிம்பில் தொடங்கியவருக்கு நூல் தீர்ந்தால் உச்சியில் ஓட்டை. குல்லாயே இல்லை. உச்சியில் தொடங்கியவருக்கு நூல் தீர்ந்தால் காது மடலின் அடி மட்டும் தெரியும். அப்போதும் வேறு நிற நூலில் பார்டர் போட்டுவிடலாம். பார்ப்பவர்கள் அதை அழகுக்காகச் செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் கண்ணிகளை மூடுவதற்கு நூல் வைத்திருக்க வேண்டும். குல்லாயின் சுற்றளவைப் போல நான்கு மடங்கு நூல் மிச்சம் இருந்தால் போதும். இந்தக் குல்லாயின் சுற்று ஏறக்குறைய ஒரு முழம். ஆகவே நான்கு முழம் மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும்.

பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். அப்படியே பின்னினால் பின்னல் கரடுமுரடாகும். நூலைச் சிட்டம் போட்டு, தண்ணீரில் நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும்.

கடையில் கம்பளி என்று விற்பதெல்லாம் ஆட்டு ரோமம் அல்ல. அக்ரிலிக் என்ற செயற்கை நூலும் அதே நிறத்தில், அதே மென்மையில் கிடைக்கிறது. விலை குறைவு, சொரசொரப்பு இல்லை, துவைப்பது எளிது. அதனால் அது மோசமான நூல் என்று சொல்ல முடியாது. எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிறு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்ட வேண்டும். ஆட்டு ரோமம் முடி கருகும் வாடை அடிக்கும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கெட்டியான உருண்டையாகும். அடுப்பங்கரையில் வேலை செய்பவருக்கும், குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்காருபவருக்கும் அக்ரிலிக் ஆகாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டு ரோமக் குல்லாயை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். 52 சென்டிமீட்டர் தலைக்குப் பின்னியது பொம்மைக்குத்தான் ஆகும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

பச்சைக் குழந்தைக்கு

உடல் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது சரியல்ல. அவர்களுடைய தலை உடற்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தைக்கு உடல் சிறிது, தலை பெரிது. ஐந்தில் ஒரு பங்கு தலையே. அதனால் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைப்பார்கள். இதற்குக் கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று பெயர். அப்போதும் குழந்தையின் தலைக்குக் குல்லாய் போடுகிறார்கள். இதற்குப் பனி ஊராக இருக்க வேண்டியதில்லை. மதுரையிலும் போடுகிறார்கள்.

பிறந்த குழந்தையின் தலை சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும். 3 குறைத்தால் 32. மெல்லிய நூலில் 10 சென்டிமீட்டருக்கு 25 கண்ணி வந்தால், 1 சென்டிமீட்டருக்கு இரண்டரை. 32 × 2.5 = 80 கண்ணி. 8 × 10 = 80. வகுபடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அதே 80தான். தலை மட்டும் வேறு.

குழந்தைக் குல்லாயில் நாடா, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். கழுத்தை இறுக்கும், வாய்க்குள் போகும். குல்லாய் இறங்கி மூக்கை மூடவும் கூடாது. வெப்பமான அறையில் தூங்கும் குழந்தைக்குக் குல்லாய் வேண்டியதில்லை. எடை குறைந்த குழந்தையானால் மருத்துவரும் செவிலியரும் சொல்கிறபடி செய்ய வேண்டும்.

தலை வளரும்போது

குழந்தையின் தலை முதல் ஆண்டில் மட்டும் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பிறகு வளர்ச்சி மெதுவாகிவிடும். 8 வயதுப் பையனுக்கு ஓர் ஆண்டில் வித்தியாசம் தெரிவதே அரிது.

பின்னலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக மூடிய முனையிலிருந்து இழுத்தால் சரசரவென்று பிரியும். தொடங்கிய முனையிலிருந்து அப்படிப் பிரியாது. சிக்கிக்கொள்ளும். வழக்கமான குல்லாயில் பிரியும் முனை உச்சியில் இருக்கிறது. உச்சியில் தொடங்கிய குல்லாயில் அது நெற்றி விளிம்பில் இருக்கிறது. அதனால் குல்லாயின் உச்சியைத் தொடாமலே விளிம்பைப் பிரித்து நீளம் கூட்டலாம். சுற்றளவே போதவில்லை என்றால் தட்டு முடிந்த இடம்வரை பிரித்து, இன்னும் 8 கண்ணி கூட்டி, திரும்பக் கீழே பின்னிக்கொண்டு வரலாம். கிழிந்த பார்டரையும் இப்படியே மாற்றலாம்.

அந்தத் தாயும் முதல் குல்லாயைப் பிரித்துவிட்டு, உச்சியிலிருந்து 96 கண்ணி வரை பின்னினார். ஸ்வெட்டர் நூல் பார்டரின் பாதியில் தீர்ந்தது. மீதிப் பாதிக்குப் பக்கத்து வீட்டு அக்கா சிவப்பு நூல் கொடுத்தார். தாளில் ‘மகன், 52, 96 கண்ணி’ என்று தாய் எழுதி வைத்தார். அதன் கீழே அக்காவின் மகன் பெயரும் ஏறியது. அவனுடைய தலையை அளந்தாகிவிட்டது. கண்ணிக் கணக்குக்கான இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அக்கா தன் நூலில் 30 கண்ணித் துண்டு பின்னிக்கொண்டிருக்கிறார்.